ஜமாலாவின் '1944': நெளுக்குளத்திலிருந்து ஒரு வாசிப்பு

யூரோவிஷன் பாடல் போட்டியைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னபோது நண்பரொருவர் சிரித்தார். "நம்மட பொடியன்கள்ட கவிதைத் தொகுதிகள் விமர்சனமில்லாமக் கிடக்கு, உங்களுக்கு வெள்ளைக்காரன்ட கூத்துத்தான் கெடச்சிதா?" என்றார். அவர் கேட்டதில் நியாயமில்லாமலில்லை. ஆனால் அந்தத் தொகுதிகளில் நான் தேடிக் கிடைக்காத ஒன்று அந்தக் கூத்தில் கிடைத்தது. அதனாலேயே இதை எழுதுகிறேன்.

போட்டியைப் பற்றி இரண்டு வார்த்தை. 1956 இல் சுவிற்சர்லாந்தின் லுகானோ நகரில் ஏழு நாடுகளோடு தொடங்கியது. ஒவ்வொரு நாட்டின் ஒலிபரப்பு நிறுவனமும் ஒரு பாடலை அனுப்பும். பாடல் மூன்று நிமிடத்தைத் தாண்டக்கூடாது. மேடையில் ஆறு பேருக்கு மேல் நிற்கக்கூடாது. மிச்சமெல்லாம் புகையும் விளக்கும் மினுக்கமும்தான். 2015 இல் அவுஸ்திரேலியாவையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்நாட்டின் முதற் பாடகராக வியன்னாவுக்குப் போன கை செபஸ்டியன் மலேசியாவின் கிள்ளானில் பிறந்தவர், தந்தை வழியில் இலங்கை வேருள்ளவர். ஐந்தாம் இடம் பெற்றார். மெல்பேர்னில் இருக்கிற பழைய வகுப்புத் தோழன் தொலைபேசியில் "எங்கட ஆள் பாடினவன், பாத்தியா?" என்று துள்ளினான். தேடிக் கேட்டேன். இன்றிரவும் ஆடுவோம் என்கிற வகைப் பாட்டு, நல்ல குரல். 'எங்கட' என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. இருக்கவேண்டுமென்ற கட்டாயமும் அவருக்கில்லை.

அடுத்த ஆண்டு, 2016 மே 14, ஸ்ரொக்ஹோம். உக்ரேன் நாட்டின் பாடல் வென்றது. பாடலின் பெயர் ஓர் எண்: 1944. பாடியவர் ஜமாலா. முழுப்பெயர் சுசானா ஜமாலதினோவா. ஜமாலுத்தீன் என்ற நமக்குப் பழகிய பெயர் ரஷ்ய விகுதியோடு நிற்பதைக் கண்டுதான் நான் காதைக் கொடுத்தேன் என்பதை ஒளிக்கத் தேவையில்லை. தந்தை கிரிமியத் தாத்தார் முஸ்லிம், தாய் ஆர்மேனியர். பிறந்தது 1983 இல், கிர்கிஸ்தானின் ஓஷ் நகரில். கிரிமியப் பெண் ஏன் கிர்கிஸ்தானில் பிறந்தாள் என்பதற்கான விடைதான் அந்தப் பாடல்.

1944 மே 18 விடியற்காலை ஸ்டாலினின் உள்துறைப் படையினர் கிரிமியத் தாத்தார்களின் கதவுகளைத் தட்டினார்கள். சில நிமிட அவகாசம். மூன்று நாட்களுக்குள் ஏறத்தாழ 190,000 பேர் மாட்டு வண்டிப் பெட்டிகளில் அடைக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் உஸ்பெகிஸ்தானுக்கு அனுப்பப்பட்டார்கள். நாஜிகளோடு கூட்டுச் சேர்ந்தார்கள் என்பது முழுச் சமூகத்தின் மீதும் போடப்பட்ட குற்றச்சாட்டு. அவர்களின் ஆண்களில் பலர் அந்நேரம் செஞ்சேனையில் நின்று அதே நாஜிகளோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஜமாலாவின் பூட்டி நஸில்கானின் கணவரும் அப்படிப் போர்முனையில் இருந்தவர். அவள் ஐந்து பிள்ளைகளோடு தனியே ரயிலேறினாள். மகள் வழியில் இறந்துபோனாள். ஊர் திரும்ப எண்பதுகளின் கடைசி வரை காத்திருக்கவேண்டியிருந்தது.

இதை வாசிக்கும்போதே உங்களுக்கு இன்னொரு திகதி மேலெழுந்திருக்கும். எனக்கும் அப்படித்தான். 1990 ஒக்டோபர். விடுதலைப் புலிகள் வட மாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை வெளியேற்றிய மாதம். யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் 30, இரண்டு மணி நேரம். எனக்கு அப்போது பதினொரு வயது. முல்லைத்தீவு நீராவிப்பிட்டியில் எங்கள் வளவுக் கிணற்றடியில் உம்மம்மா ஊற வைத்த அரிசி அப்படியே இருந்தது. பிறகு புத்தளம், ஓலைக்கொட்டில், 'அகதி' என்ற பட்டம். இன்று ஆசிரியத் தொழிலின் பேரில் வவுனியாவில், நெளுக்குளத்தில், வாடகை வீடொன்றில் இருக்கிறேன். இந்தப் பின்னணி இல்லாத ஒருவருக்கு '1944' வேறொரு பாடலாகக் கேட்கும். எனது வாசிப்பு சார்பானது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இனிப் பிரதிக்கு வருவோம்.

ஆங்கிலத்தில் உள்ள பகுதிகள் பலவீனமானவை. அந்நியர்கள் வீட்டுக்கு வருகிறார்கள், கொல்கிறார்கள், நாங்கள் குற்றமற்றவர்கள் என்கிறார்கள் என்ற அளவில் ஒரு சித்திரம். பிறகு மனித குலத்துக்கான பொது அறிவுரைபோல ஏதோ வருகிறது. சொற்கள் எல்லாருக்கும் விளங்கவேண்டும் என்பதற்காகச் சப்பையாக்கப்பட்டவை. நமது கவியரங்குகளில் 'சமாதானமே வா' என்று எழுதுகிற கவிதைகளைவிட அவை மேலானவையல்ல. இலத்திரனியல் தாளமும் அந்த ஆண்டுகளின் ஐரோப்பிய நாகரிகத்துக்கு உட்பட்டதுதான்.

பாடல் எழுந்து நிற்பது பல்லவியில். அங்கே ஜமாலா ஆங்கிலத்தைக் கைவிட்டுக் கிரிமியத் தாத்தார் மொழிக்குப் போகிறார். யூரோவிஷன் மேடையில் அம்மொழி ஒலித்தது அதுவே முதற்தடவை. பூட்டியிடம் கேட்ட 'ஏய் குஸெல் கிறிம்' என்ற நாடுகடந்தோர் பாடலிலிருந்து எடுக்கப்பட்ட வரிகள் அவை. இளமையை இந்த மண்ணில் கழிக்க விடவில்லை என்பதே அதன் சாரம். அவ்வளவுதான். குற்றச்சாட்டுக் கூட இல்லை, ஒரு குறை. அதற்குள் 'வத்தன்' என்றொரு சொல் வந்து போகிறது. அறபின் 'வதன்' துருக்கிய மொழிகளுக்குப் போய்க் கிரிமியா வரை நடந்திருக்கிறது. பின்னால் ஆர்மேனியரின் துதுக் குழல் அழுகிறது. பாடல் முடியப்போகும் நேரம் தாளம் நின்றுவிட, சொல்லில்லாத ஒரு நீண்ட குரல் எழுகிறது. வெறும் 'ஆ'தான். மையித்து வீட்டில் கதவோரத்தில் நின்று கேட்டவர்களுக்கு அந்தக் குரல் விளங்கும். ஒப்பாரி நமக்கு ஆகாது என்று சொல்லி வைத்திருக்கிறோம். ஆனாலும் தொண்டையிலிருந்து அது வரும்.

மூன்று நிமிடத்தில் யாரையும் பெயர் சொல்லித் திட்டவில்லை. ஸ்டாலின் இல்லை, ரஷ்யா இல்லை, கிரிமியா என்ற பெயரும் இல்லை. தலைப்பில் மட்டும் ஓர் எண். போட்டியில் அரசியல் வரிகளுக்கு இடமில்லை என்ற விதியைக் காட்டி ரஷ்யத் தரப்பிலிருந்து எதிர்ப்புக் கிளம்பியபோது, பெயரிலும் வரிகளிலும் அரசியல் இல்லை என்று ஒலிபரப்பு ஒன்றியம் 2016 மார்ச்சில் தீர்ப்புச் சொன்னது. ஓர் ஆண்டுக்கு முன், படுகொலையின் நூற்றாண்டை மனதில் வைத்து ஆர்மேனியா அனுப்பிய பாடலின் பெயரில் 'மறுக்காதே' என்ற ஏவல் இருந்தது. அது மாற்றப்பட்டது. ஏவல் மாட்டிக்கொண்டது, எண் தப்பிவிட்டது. கலை எப்படிக் காவலைக் கடக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நமது இளம் கவிஞர்களுக்குக் கிடைக்காது.

எண்கள் நமக்கும் புதிதல்ல. வடபுல முஸ்லிம் வீடுகளில் 'தொண்ணூறு' என்பது காலக் கணக்கின் நடுக்கல். கல்யாணம் தொண்ணூறுக்கு முந்தி, காணி உறுதி தொண்ணூறுக்கு முந்தி, மூத்தவன் பிறந்தது தொண்ணூறுக்குப் பிந்தி. வேலிக்கு அப்பால் இருக்கும் தமிழரிடமும் எண்கள் உண்டு. எண்பத்து மூன்று. தொண்ணூற்றைந்து. அதிலும் வலிகாமம் பெயர்ந்தது ஒக்டோபர் 30, நம்மை யாழ்ப்பாணத்திலிருந்து அனுப்பிய அதே திகதி. பிறகு இரண்டாயிரத்து ஒன்பது.

இந்த இடத்தில் ஒரு சம்பவம். அந்த மே மாதத்தில் ஒரு பின்னேரம் முற்றத்தில் கதிரை போட்டு இந்தப் பாடலைக் கைத்தொலைபேசியில் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வளவு அக்கா வேலியோரம் வந்து நின்றார். முல்லைத்தீவுக்காரி. முள்ளிவாய்க்கால் கடந்து, முகாம் கடந்து, நெளுக்குளத்தில் தங்கிவிட்டவர்.

"என்ன பாட்டு சேர் இது? ஆரையோ பறிகுடுத்த மனிசி கத்துற மாதிரிக் கிடக்கு."

சொன்னேன். ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட சனத்தின் பாட்டு, மே 18 இல் நடந்தது என்றேன்.

"மே பதினெட்டோ?" அவர் முகம் மாறிவிட்டது. "எங்கட மே பதினெட்டோ?"

இல்லை அக்கா, இது வேறு நாடு, 1944 என்றேன். அவர் கேட்டுக்கொண்டே நின்றார். பாட்டு முடிந்ததும் இன்னொருமுறை போடச் சொன்னார். எனக்கு இது ஒக்டோபர், அக்கா, என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அன்று அவருடைய அழுகைக்குள் என்னுடையதைக் கொண்டுபோய் வைப்பது கணக்குத் தீர்ப்பதாகப்பட்டது. இத்தனை காலமாக நமது இலக்கியமும் இப்படித்தான் வாயெடுத்து வாயை மூடிக்கொள்கிறதோ என்று பிறகு தோன்றியது.

எழுதப்படவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. முல்லை முஸ்ரிபாவின் 'இருத்தலுக்கான அழைப்பு' முதலாக எத்தனையோ பிரதிகள் உண்டு. கிழக்கிலிருந்து வந்த ஒரு தொகுப்பின் பெயரே 'மீஸான் கட்டைகளில் மீள எழும் பாடல்கள்'. பெயரில் பாடல் இருக்கிறது, ஆனால் பாடியவர் எவருமில்லை. தாளில் அச்சாகி, வெளியீட்டு விழாவில் சால்வை போர்த்தி, அலுமாரிக்குள் போய்விட்ட பாடல்கள். பக்கீர் பாவாக்களின் றபானும் கஸீதாவும் முனாஜாத்தும் இருந்த சமூகத்தில் வெளியேற்றத்துக்கென்று ஊரே பாடக்கூடிய ஒரு பாட்டு இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க இரண்டு வரி இல்லை.

ஏன் இல்லை? இசை கூடுமா கூடாதா என்ற சர்ச்சை ஒரு பகுதிக் காரணம். அதை உலமாக்களிடம் விட்டுவிடுகிறேன், வாத்தியமில்லாத குரலுக்கு அவர்களே இடம் வைத்திருக்கிறார்கள். எனக்குப் படும் பெரிய காரணம் மொழி. தாத்தார்கள் ரஷ்ய மொழியில் துரத்தப்பட்டார்கள், தாத்தார் மொழியில் அழுதார்கள். துரத்தியவனுக்கு விளங்காத ஓர் அறை அவர்களுக்கு மிஞ்சியிருந்தது. ஜமாலா பல்லவியில் நுழைவது அந்த அறைக்குள்தான். நமக்கு அப்படியோர் அறை இல்லை. ஒலிபெருக்கி தமிழில்தான் போகச் சொன்னது. உம்மம்மா தமிழில்தான் கெஞ்சினார். 'வத்தன்' என்று ஜமாலா பாடும் இடத்தில் நாம் என்ன சொல்வது? 'தாயகம்' என்ற சொல்லை எடுத்தால் அதற்குள் ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள். நம்மை வெளியே விட்டு வேலியடைத்த சொல் அது. எனவே நமது கவிஞர்கள் 'ஊர்' என்கிறார்கள், 'மண்' என்கிறார்கள், குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். இதை நான் குறையாக மட்டும் சொல்லவில்லை. நமது பாட்டு வந்தால் அதை மொழிபெயர்ப்பில்லாமல் விளங்கிக்கொள்ளக்கூடிய முதற் காது துரத்தியவரின் காதுதான். தாத்தார்களுக்கு அந்த வசதி இல்லை. வசதியென்றும் சொல்லலாம், பயமென்றும் சொல்லலாம்.

அடுத்தது அரசு. '1944' ஜமாலாவின் பாடல் மட்டுமல்ல, உக்ரேன் என்ற அரசின் போட்டிப் பதிவு. தொண்ணூறுகளில் தாத்தார்கள் ஊர் திரும்பியபோது இதே உக்ரேனில் காணி கிடைக்காமல் வெறும் நிலங்களில் கொட்டில் போட்டுக் குந்தியிருந்தார்கள். 2014 இல் ரஷ்யா கிரிமியாவை இணைத்துக்கொண்டது. 2015 நவம்பரில் உக்ரேன் பாராளுமன்றம் 1944 ஐ இனப்படுகொலை என்று அங்கீகரித்தது. 2016 பெப்ரவரியில் பாடல் தெரிவானது. அந்தத் திகதிகளை வரிசையில் வைத்துப் பார்த்தால் போதும். நிலம் கைவிட்டுப் போன பிறகுதான் அந்த நிலத்தின் சிறுபான்மையினரின் துயரம் தேசத்தின் துயரமாயிற்று. நமக்கும் இது தெரியும். யுத்த காலத்தில் மேடைக்கு மேடை நமது வெளியேற்றத்தைப் பேசியவர்கள், யுத்தம் முடிந்து நாம் ஊர் திரும்பியபோது எங்கே போனார்கள்? 2015 இல் மரிச்சுக்கட்டிப் பக்கம் மீளக் குடியேறப் போனவர்களை வில்பத்துக் காட்டை அழிப்பவர்கள் என்றல்லவா கொழும்பின் தொலைக்காட்சிகள் காட்டின. மறுபக்கத்தில், 2002 ஏப்ரலில் கிளிநொச்சிப் பத்திரிகையாளர் மாநாட்டில் அன்ரன் பாலசிங்கம் வருத்தம் சொன்னார், மன்னிப்போம் மறப்போம் என்ற தொனியில். பாடுவதற்கு முன்பே மறக்கச் சொன்னார்கள்.

ஆனால் அரசு பயன்படுத்திக்கொண்டது என்பதற்காகப் பாடல் பொய்யாகிவிடுமா என்றால், இல்லை என்பேன். சாட்சி வாக்குப் பட்டியல். அந்த ஆண்டிலிருந்து நடுவர் புள்ளியையும் பார்வையாளர் புள்ளியையும் பிரித்து அறிவித்தார்கள். நடுவர் கணக்கில் முதலிடம் அவுஸ்திரேலியா, பார்வையாளர் கணக்கில் ரஷ்யா. இரண்டிலும் இரண்டாவதாக வந்த உக்ரேன் 534 புள்ளிகளோடு மொத்தத்தில் வென்றது. உக்ரேன் நடுவரும் ரஷ்ய நடுவரும் ஒருவருக்கொருவர் ஒரு புள்ளியும் கொடுக்கவில்லை. ஆனால் ரஷ்யப் பொதுமக்கள் ஜமாலாவுக்குப் பத்துப் புள்ளி கொடுத்தார்கள். உக்ரேன் மக்கள் ரஷ்யப் பாடகருக்குப் பன்னிரண்டு கொடுத்தார்கள். இதை வாசித்தபோது வேலியோரம் நின்ற அக்காவைத்தான் நினைத்தேன்.

காஸா எரிகையில் இந்தப் போட்டியைப் புகழ்வதா என்று கேட்பவர்களுக்கு: போட்டியை நான் புகழவில்லை. 2022 இல் ரஷ்யாவை வெளியேற்றிய அதே ஒன்றியம் இஸ்ரேலை உள்ளே வைத்திருக்கிறது. 2024 இல் இஸ்ரேலின் பாடல் அரசியலாக இருக்கிறதென்று வரிகளை மாத்திரம் மாற்றச் சொன்னது. ஸ்பெயின், அயர்லாந்து, நெதர்லாந்து, ஸ்லொவேனியா முதலிய நாடுகள் 2026 போட்டிக்கு வரமாட்டோம் என்று 2025 டிசம்பரில் சொல்லிவிட்டன. இந்த இரட்டை நாக்கைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். நான் பேசுவது அந்த மேடையில் தவறிப்போய் நுழைந்துவிட்ட ஒரு குரலைப் பற்றி.

ஜமாலாவின் சிறந்த படைப்பும் '1944' அல்ல. 2023 இல் வெளியிட்ட 'கிறிம்' என்ற இசைத்தட்டுத்தான். கிரிமியாவின் நாட்டார் பாடல்களைத் தேடியெடுத்து, ஒரு சொல் ஆங்கிலமில்லாமல் பாடியிருக்கிறார். போட்டியில்லை, மூன்று நிமிடமில்லை. துயரம் இருக்கிறது, கூடவே கல்யாணப் பாட்டும் கேலிப் பாட்டும் இருக்கின்றன. துரத்தப்பட்டது மட்டுமே தமது வரலாறல்ல என்கிறது அந்தத் தட்டு. நமது எழுத்து 'தொண்ணூறு' என்ற எண்ணுக்குள்ளேயே நின்றுவிட்டதென்று எனக்கு ஒரு மனக்குறை உண்டு. நீராவிப்பிட்டியில் மனிதர்கள் சிரித்தும் இருந்தார்கள்.

அந்தத் தட்டைக் கேட்ட பிறகுதான் உம்மாவிடம் உம்மம்மாவின் தாலாட்டைக் கேட்டேன். புத்தளத்துக் கொட்டிலில் என் தங்கச்சியைத் தூங்க வைத்த பாட்டு, இடையில் ஊர்ப் பெயர்கள் வரும். உம்மம்மா 2007 இல் மௌத்தாகிவிட்டார், ஒலிப்பதிவு ஏதுமில்லை. பள்ளி விடுமுறைக்கு நெளுக்குளம் வந்திருந்த உம்மா திண்ணையிலிருந்து மெல்ல முனகிப் பார்த்தார். பாதியில் நின்றுவிட்டது.

வேலிக்கு அப்பாலிருந்து மிச்சம் வந்தது. அக்கா உடுப்புக் காயப்போட்டபடி அதே மெட்டைப் பாடிக்கொண்டிருந்தார்.

"இது எங்கட அம்மம்மா பாடுறது" என்றார்.

"எங்கட உம்மா பாடின பாட்டு" என்றார் என் உம்மா.

இரண்டு பேரும் வேலியடியில் நின்று சொற்களைக் கோத்தார்கள். ஓரிடத்தில் தகராறு. உம்மா அந்த இடத்தில் நீராவி என்று வரும் என்கிறார். அக்கா இல்லையம்மா, வற்றாப்பளை என்கிறார். அசை இரண்டுக்கும் பொருந்தவில்லை, இழுத்துத்தான் பாடவேண்டும். நான் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த இடத்தை வெறுமையாக விட்டு அடுத்த வரிக்குப் போகச் சொன்னேன். அவர்கள் போகவில்லை, மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் வரை அந்த ஒரு சொல்லிலேயே நின்றார்கள்.